வயலைக் கடக்கும் காட்டுப் பாதை: பந்தலூர் எல்லைப்பகுதியில் ஒரு நிகழ்வு ஆய்வு

இடமும் பின்னணியும்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பந்தலூர் வட்டம் கேரளத்தின் வயநாட்டோடு சேரும் பகுதியில், மேடுகளெல்லாம் பாறை சிதைந்து உருவான ஆழமான செம்மண். மேடுகளுக்கிடையே ஆண்டின் பெரும்பகுதியும் ஈரம் வற்றாத கரும்மண் தாழ்நிலம். இத்தாழ்நிலத்தை இங்குள்ளோர் வயல் என்கிறார்கள். நெல் விதைப்பு நின்று பல்லாண்டுகள் ஆன இடமும் அவர்கள் பேச்சில் வயல்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேடுகளில் கொட்டுவது மெல்லக் கசிந்து இங்கே வந்து தங்கும். கோரையும் புதரும் மட்கி மட்கிச் சேர்ந்த கரும்மண் சில இடங்களில் மூன்று மீட்டர் ஆழம் வரை இருக்கிறது.

ஆய்வுக்குரிய பாதையின் நீளம் 1.8 கி.மீ. தேயிலைத் தோட்டத்துத் தார்ச்சாலை முடியும் இடத்தில் தொடங்கி, காப்புக்காட்டின் ஓரமாகச் செம்மண் சரிவில் இறங்கி, ஏறத்தாழ 200 மீட்டர் வயலைக் கடந்து, எதிர்ச்சரிவில் உள்ள இரண்டு குடியிருப்புகளை அது அடைகிறது. ஒன்று பணியர் பழங்குடியினரின் குடியிருப்பு. மற்றொன்றில், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்களின் வழிவந்தோர் வாழ்கிறார்கள். ரேஷன் அரிசி, பள்ளிப் பிள்ளைகள், பிரசவத்துக்குச் செல்லும் பெண்கள், மிளகும் காப்பியும் எல்லாம் இந்த ஒரே வழியில்தான் போய்வர வேண்டும்.

வேலை செய்யப்படாத பழைய தடமாக இருந்தபோது ஜீப்புகள் பல ஆண்டுகள் இவ்வயலைப் பெரிய சிக்கலின்றிக் கடந்துவந்தன. கடும் மழையில் சில நாட்கள் போக்குவரத்து நிற்கும், பிறகு தொடரும். 2019 ஆகஸ்ட் 8ஆம் நாளை ஒட்டிப் பெய்த மழையில்தான் நிலைமை மாறியது. அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. பதிவானதும், எல்லைக்கு அப்பால் புத்துமலையிலும் கவளப்பாறையிலும் மலை சரிந்ததும் அப்போதுதான். இப்பாதையின் செம்மண் சரிவு இரண்டு இடங்களில் அறுந்தது. வயலின் நடுவில் ஓடை கரைபுரண்டு தடத்தைக் கரைத்துச் சென்றது. அதன்பின் பாதையைப் பலப்படுத்தித் தர வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது.

முதல் இரண்டு முறை நடந்த வேலை

2021 கோடையில் நடந்த முதல் வேலையில், வழக்கமான சாலைப் பணியின் முறையிலேயே, வயலின் மேற்பரப்பிலிருந்த கோரைப் புல்லும் வேர்ப்படலமும் ஜேசிபி கொண்டு வழித்தெடுக்கப்பட்டன. அதன்மேல் 30 செ.மீ. கனத்துக்குக் குண்டுக்கல்லும் ஜல்லியும் கொட்டி, செம்மண் கிராவல் பரப்பி, அதிர்வு ரோலர் ஓட்டினார்கள். நடுவில் ஓடைக்காக 300 மி.மீ. விட்டமுள்ள ஒரே ஒரு சிமெண்ட் குழாய் வைக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் பார்த்தவர்களுக்கு அது நல்ல சாலையாகவே தெரிந்தது.

அதே ஆண்டு இரண்டு குடியிருப்புகளிலும் அரசுத் திட்டத்தில் வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். கருங்கல், எம்-சாண்ட், சிமெண்ட் ஏற்றிய டிப்பர்கள் மே மாதம் முழுவதும் வயலைக் கடந்தன. ஜூலை நடுவில் சக்கரத் தடங்கள் முழங்கால் ஆழத்துக்கு இறங்கின. கொட்டிய கல்லில் பெரும்பகுதி கண்ணில் படவில்லை. 2022 கோடையில் அதே இடத்தில் அதே முறையில், கல்லின் கனத்தை மட்டும் கூட்டி மீண்டும் வேலை நடந்தது. அதுவும் அவ்வாண்டு ஆகஸ்டைத் தாண்டவில்லை. மழைக்காலத்தில் நோயாளி ஒருவரை வயல் நெடுகக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போக நேர்ந்த பிறகு, மூன்றாவது முறை கல் கொட்டுவதற்கு முன் காரணத்தைக் கண்டறிய வேண்டும் என்று முடிவாயிற்று. தொழில்நுட்ப ஆலோசனைக்காக எங்கள் குழு அழைக்கப்பட்டது அப்போதுதான்.

2022 டிசம்பரில் கண்டவை

சோதனையை மழை விட்டவுடன், நிலம் நீரோடு இருக்கும்போதே செய்தோம். முந்தைய மதிப்பீட்டின் கோப்பில் ஒரு மண் சோதனை அறிக்கை இருந்தது. ஆனால் மாதிரி எடுக்கப்பட்டது மார்ச் மாதத்தில், அதுவும் சாலையோரச் செம்மண் மேட்டிலிருந்து. வயலின் கரும்மண் ஆய்வகத்துக்கே போகவில்லை. மேலும், இவ்வகைச் செம்மண்ணை அடுப்பில் காயவைத்துச் சோதித்தால், இரும்பு ஆக்சைடு பூசிய களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மண் உண்மையில் இருப்பதைவிடக் குறைந்த களித்தன்மை உடையதாகக் கணக்கில் வரும். காட்டிலிருந்து வந்த ஈரத்தோடு சோதிப்பதே இதற்கு வழி. அறிக்கையில் நல்ல எண்களாகத் தெரிந்தவை எந்த மண்ணுக்கு, எந்தப் பருவத்துக்கு உரியவை என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

நிலத்தின் வலிமையை அறிய டி.சி.பி. எனப்படும் ஊடுருவுமானியைப் பயன்படுத்தினோம். 8 கிலோ எடையுள்ள சுத்தியை 575 மி.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, 60 பாகைக் கூம்பு சுத்தியின் ஓர் அடிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளக்கும் கருவி அது. இருவர் தூக்கிச் செல்லலாம். வண்டி போகாத இடத்துக்கு இதைவிட ஏற்ற கருவி இல்லை. இந்த அளவிலிருந்து சி.பி.ஆர். என்ற தாங்குதிறன் விகிதத்தைத் தோராயமாகக் கணிக்கலாம்.

சாலை வேலை தொடாத வயலில், வேர்ப்படலம் உள்ள மேல் 30 செ.மீ. ஆழத்தில், கூம்பு அடிக்குச் சுமார் 40 மி.மீ. இறங்கியது, அது சி.பி.ஆர். 6 சதவீதத்துக்கு ஒப்பானது. வேர்கள் கூம்பை இழுத்துப் பிடிப்பதால் இந்த எண் சற்று மிகையாக இருக்கலாம் என்பதையும் குறித்துக்கொண்டோம். படலத்துக்குக் கீழே அடிக்கு 150 முதல் 200 மி.மீ. வரை இறங்கியது; அதாவது சி.பி.ஆர். ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில். ஊரகச் சாலைகளுக்கான இந்திய சாலைப் பேரவையின் வழிகாட்டி நெறியில் சி.பி.ஆர். 2 என்பதே மிக மோசமான மண் வகை. 2021இல் வழித்தெடுத்த பாதைப் பகுதியில் அந்த வேர்ப்படலம் இல்லவே இல்லை. இந்நிலத்தில் ஓரளவேனும் வலிமையோடு இருந்த ஒரே அடுக்கை முதல் நாளிலேயே வெட்டி எறிந்துவிட்டு, அதன் கீழிருந்த சேற்றின்மேல் சாலை போட்டிருந்தார்கள்.

சோதனைக்குழி தோண்டியபோது, கொட்டிய கல் 60 முதல் 80 செ.மீ. ஆழத்தில் கிடந்தது. கற்களுக்கு நடுவே இருந்த இடைவெளியெல்லாம் கரும்மண் நிறைந்திருந்தது. ஒவ்வொரு சக்கரமும் அழுத்தும்போது கல் கீழே இறங்குகிறது. அழுத்தம் நீங்கும்போது சேறு மேலே ஏறுகிறது. கல்லின் வலிமை கல்லும் கல்லும் தொட்டுக்கொண்டிருப்பதில் உள்ளது. நடுவே களி புகுந்துவிட்டால், ஐந்தில் ஒரு பங்கு களி கலந்தாலே போதும், அந்த அடுக்கு கல்லைப்போல் அல்லாமல் களியைப்போல் நடந்துகொள்ளும். கனத்தைக் கூட்டியதால் பயன் இல்லாமல் போனது இதனால்தான். அதிர்வு ரோலரும் இங்கே கேடு செய்திருக்கிறது: நீரால் நிறைந்த மண்ணை அதிர வைத்தால் அது இறுகுவதில்லை, நீர் மேலேறி மண் குழம்புகிறது.

நீர் பற்றிய கண்டறிதல் இதைவிட முக்கியமானது. குழாயின் வாய் சருகாலும் வண்டலாலும் முக்கால் பங்கு அடைபட்டிருந்தது. சாலையின் மேற்பக்கம் நீர்மட்டம் கீழ்ப்பக்கத்தைவிட 30 செ.மீ. உயர்ந்து நின்றது. வயலில் நீர் ஓடையில் மட்டும் ஓடுவதில்லை. தாழ்நிலத்தின் முழு அகலத்திலும் மண்ணுக்குள் ஊர்கிறது. 200 மீட்டர் அகலத்தில் ஊரும் நீரை 300 மி.மீ. குழாய்க்குள் நுழையச் சொன்னதால், சாலை அணையாக மாறி, தன் அடியைத் தானே ஊறவைத்துக்கொண்டது.

மழைக்காலத்தில் அவ்வழியே ஜீப் ஓட்டிய ஒருவர் சொன்னது இவற்றோடு பொருந்தியது: "வண்டி மெதுவாப் போனாலும் ரோடே அசையுது சார். பின்னாடி நடந்து வர்றவங்களுக்குக் கால்லயே தெரியும்." அடியில் நீர் வெளியேற வழியின்றி நிற்பதற்கு அந்த அசைவைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

யானைகள் வயலைக் கடக்கும் வழியில் நிலம் கெட்டியாக இருக்கும், அங்கே பாதையை மாற்றலாம் என்ற யோசனையும் வந்தது. அத்தடத்திலும் சோதித்தோம். இரு கரையோரங்களில் அது உறுதியாக இருந்தது; நடுவில் மற்ற இடங்களைப் போலவே இளகி இருந்தது. நான்கு கால்களையும் தனித்தனியே சேற்றிலிருந்து பிடுங்கி நடக்கும் விலங்குக்கும், உருளும் சக்கரத்துக்கும் ஒரே நிலம் ஒன்றாக இருப்பதில்லை.

பரிசீலித்த வழிகள்

கரும்மண்ணை முழுதும் தோண்டி எடுத்துவிட்டு நல்ல மண் நிரப்புவது முதல் யோசனை. மூன்று மீட்டர் ஆழம் தோண்டினால் எடுத்த மண்ணைக் காப்புக்காட்டில் கொட்ட இடமில்லை. வயலின் நீரோட்டமும் நிரந்தரமாக மாறிப்போகும். சுண்ணாம்பு கலந்து மண்ணை இறுக்குவது களிமண்ணுக்குப் பயன்படும் முறைதான். ஆனால் மட்கு நிறைந்த மண்ணில் அம்மட்கே சுண்ணாம்பின் வினையைத் தடுத்துவிடுகிறது. கசியும் காரநீர் ஓடைக்கும் ஆகாது. சிமெண்ட் கான்கிரீட் சாலை வேண்டும் என்று குடியிருப்பில் பலர் விரும்பினார்கள். ஒரே சீராக அமுங்காத நிலத்தின்மேல் கான்கிரீட் பலகை உடையும். உடைந்த பலகையைப் பழுதுபார்ப்பது கிராவலைப் பழுதுபார்ப்பதைவிடப் பல மடங்கு கடினம். அதோடு, அதற்கான பொருளைக் கொண்டுசெல்ல ஏற்கெனவே உடைந்த சாலையில்தான் லாரி ஓட வேண்டும்.

வயலைச் சுற்றி மலைச்சரிவில் புதுப் பாதை வெட்டுவது காகிதத்தில் எளிதாகத் தோன்றியது. 2019இல் சரிந்ததும் அதே செம்மண் சரிவுதான் என்பதாலும், மரங்கள் பலவற்றை வெட்ட வேண்டும் என்பதாலும் அதைக் கைவிட்டோம். இங்கே சட்டமும் ஒரு வரம்பு வைத்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபையின் பரிந்துரையோடு, சாலை உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு வனநிலத்தை ஒதுக்க இடமளிக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாகவும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமலும் இருக்க வேண்டும். 1.8 கி.மீ. பாதை வடிகாலோடு சேர்த்து 5 மீட்டர் அகலமென்றால் 0.9 ஹெக்டேர், 6 மீட்டர் என்றால் வரம்பைத் தாண்டிவிடும். எனவே அகலப்படுத்தும் பேச்சுக்கே இடமில்லை. என் பார்வையில் அது நல்லதாகவே முடிந்தது: அகலமான சாலை கனமான வண்டியைத்தான் அழைத்துவரும்.

மரக்கட்டைகளைக் குறுக்கே அடுக்கி அதன்மேல் பாதை போடுவது சதுப்புநிலங்களில் மிகப் பழைய முறை. எப்போதும் நீருக்குள் கிடக்கும் கட்டை நெடுங்காலம் கெடாது. நனைந்தும் காய்ந்தும் மாறும் கட்டை சில ஆண்டுகளில் உளுத்துவிடும். இவ்வயலில் நீர்மட்டம் ஏப்ரலில் தாழ்ந்து ஜூலையில் ஏறுவதால் இரண்டாவது நிலைதான் நேரும்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

கல்லும் களியும் கலக்காமல் பிரிப்பது, நீரை முழு அகலத்திலும் ஊடுருவ விடுவது, மேலே போகும் எடையைக் கட்டுப்படுத்துவது என்ற மூன்றும் சேர்ந்தால் மட்டுமே பாதை நிற்கும் என்ற முடிவுக்கு வந்தோம்.

பிரிப்பதற்கு நெய்யாத வகை ஜியோடெக்ஸ்டைல் துணியைத் தேர்ந்தோம். நீரை விடும், மண்ணை விடாது என்பதே அதன் வேலை. இளகிய களியின்மேல் போடப்படும் மண் சாலைகளைப் பற்றி 1981இல் ஜிரூ, நுவாரே என்ற இரு பொறியாளர்கள் வகுத்த கணக்கு பொறியாளர்களிடையே நன்கு அறியப்பட்டது: துணி இல்லாதபோது களியின் வெட்டு வலிமையைப் (வழுக்கிப் பிரியாமல் எதிர்க்கும் திறன்) போல ஏறத்தாழ 3.14 மடங்கு அழுத்தம் வரை பாதை தாங்கும். துணி இருந்தால் 5.14 மடங்கு வரை. களியை அது வலுவாக்குவதில்லை. களியிடம் ஏற்கெனவே உள்ள வலிமையை முழுதும் பயன்படுத்த விடுகிறது.

தேங்காய் நாரில் செய்த கயிறு விரிப்பா செயற்கை இழையா என்று நீண்ட விவாதம் நடந்தது. தேங்காய் நாரில் லிக்னின் மிகுதியாக இருப்பதால் மற்ற இயற்கை இழைகளைவிட அது மெதுவாகவே மட்கும். ஆலப்புழையிலிருந்து எளிதில் வாங்கலாம். காட்டுக்குள் பிளாஸ்டிக் புதைக்க வேண்டாம் என்ற வாதமும் நேர்மையானது. அடியிலுள்ள களி சில ஆண்டுகளில் நீரை வெளியேற்றி இறுகிவிடும் என்றால், அதுவரை தாங்கினால் போதும், கயிறு விரிப்பே சரியான தேர்வு. ஆனால் இவ்வயலின் மண் என்றும் நீரில் ஊறியே கிடக்கும். பிரிப்பு நிரந்தரமாகத் தேவை. ஆகவே சாலையின் அடியில் செயற்கை இழைத் துணியும், பக்கச் சரிவுகளில் புல் பிடிக்கும் வரை மண்ணைக் காக்கக் கயிறு விரிப்பும் என்று முடிவாயிற்று.

நீருக்காக, வயலின் ஓடைப்பகுதியில் குழாய்க்குப் பதிலாக ஒரு கல் மெத்தை: 75 முதல் 150 மி.மீ. அளவுள்ள, தூளில்லாத சுத்தமான கருங்கல்லை அடுக்கி, அதைப் பொட்டலம் கட்டுவதுபோல் துணியால் நான்கு பக்கமும் சுற்றுவது. நீர் வரும் பக்கமும் போகும் பக்கமும் வாய் மட்டும் திறந்திருக்கும். குழாய் அடைபட்டால் எல்லாம் அடைபட்டது. கல் மெத்தையில் ஒரு பகுதி அடைபட்டாலும் மறு பகுதியில் நீர் ஊடுருவும். பெருவெள்ளத்துக்காக அதன் பக்கத்தில் சாலையின் மட்டத்தைத் தாழ்த்தி, கல் பதித்த தரைப்பாலம் ஒன்றும் சேர்க்கப்பட்டது.

கட்டிய விதம்

2023 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வேலை நடந்தது. வேர்ப்படலம் மிஞ்சியிருந்த ஓரங்களில் எதையும் தோண்டவில்லை. புதரைத் தரைமட்டத்தில் அரிவாளால் வெட்டி, தண்டைக் கூட அங்கேயே பரப்பினோம். பழைய பள்ளங்களை மட்டும் கிராவலால் நிரப்பினோம். இவ்வளவு இளகிய மண்ணில் துணியின் இரு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு மீட்டர் வரை படிய வேண்டும். துணியை மிச்சப்படுத்தும் ஆசையில் இதைக் குறைத்தால், பாரம் ஏறும்போது துண்டுகள் விலகி நடுவே சேறு பிதுங்கிவிடும்.

துணியின்மேல் எந்தச் சக்கரமும் நேராக ஏறவில்லை. முடிந்த பகுதியின் முனையிலிருந்து சிறிய ஜேசிபி கொண்டு கல்லை முன்னே தள்ளினார்கள், 25 செ.மீ. கனம் சேர்ந்த பிறகே வண்டி ஏறியது. அடுக்கை இரண்டு கட்டமாகப் போட்டு, இடையே மூன்று வாரம் விட்டோம், முதல் அடுக்கின் பாரத்தில் களி நீரைக் கொஞ்சம் வெளியேற்ற அவகாசம் கிடைக்கும் என்பதற்காக. இறுதிக் கனம் 45 செ.மீ. ரோலரில் அதிர்வை நிறுத்தி, வெறும் எடையால் மட்டும் அழுத்தினார்கள். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் இதை வேலையில் அரைகுறை என்று கருதினார். அதிர்வைப் போட்டுப் பார்த்த ஐந்தாறு மீட்டரில் நீர் மேலே பொங்கியதும் அவரே நிறுத்தச் சொன்னார்.

செம்மண் சரிவுப் பகுதிக்குச் சொல்ல அதிகம் இல்லை. அங்கே மண் வலிமையாகவே இருந்தது. சக்கரத் தடங்களில் நீர் நெடுக ஓடி அரித்ததுதான் குறை. செங்குத்தான இடங்களில் இரட்டைத் தடக் கான்கிரீட்டும், மற்ற இடங்களில் 30 மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கு வடிகாலும் போதுமானவையாக இருந்தன.

எடை வரம்பு பற்றிய பேச்சு

எல்லாவற்றிலும் கடினமான முடிவு இதுவே. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து, அச்சின் எடை கூடக்கூடச் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ நான்காம் படியில் (எடை இரு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு) கூடும் என்று கணக்கிடுகிறார்கள். 2018இல் இந்தியாவில் நான்கு சக்கரங்கள் உள்ள ஒற்றை அச்சின் சட்டப்படியான எடை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. சாலைக் கணக்கில் ஒப்பிடும் அளவாகக் கொள்ளும் நிலையச்சு 8.16 டன், ஆக, விதிப்படி ஏற்றிய ஒரு டிப்பரின் பின்னச்சே நிலையச்சைப் போல நான்கு மடங்கு சேதம் செய்யும். 4 டன் அச்சு செய்வது நிலையச்சு செய்வதில் பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த விதி தார்ச்சாலைக்கு உரியது. இளகிய மண்ணில் நிலைமை இதைவிடக் கடுமை, ஏனெனில் களியின் வலிமையைத் தாண்டிய ஒரே ஒரு வண்டி போதும் அடுக்கைக் கிழிக்க.

டிப்பர்கள் தோட்டச் சாலை முடியும் இடத்திலேயே பொருளை இறக்க வேண்டும், அங்கிருந்து பிக்கப் வண்டியில் கொண்டுபோக வேண்டும், ஜூன் முதல் செப்டம்பர் வரை பாதையின் குறுக்கே சங்கிலி போட வேண்டும் என்று முன்மொழிந்தோம். ஊர்க்கூட்டத்தில் எதிர்ப்பு வந்தது. இருமுறை ஏற்றி இறக்கினால் கூலி கூடும், பாதி நின்ற வீடுகள் இன்னும் தாமதமாகும் என்பது அவர்கள் அச்சம், அது நியாயமானதும்கூட. மூத்த பெண்மணி ஒருவர்தான் பேச்சைத் திருப்பினார்: "வீடு ஒரு வருசம் தள்ளிக் கட்டிக்கலாம் தம்பி. ஆம்புலன்சு வரலேன்னா என்ன பண்றது?" மழை தொடங்கும் முன் மொத்தப் பொருளையும் சிறு வண்டிகளில் இறக்கி முடிக்க, கூடுதல் கூலியின் ஒரு பகுதியைத் திட்டச் செலவிலேயே சேர்க்க உடன்பாடானது. சங்கிலியின் சாவி குடியிருப்பில் இருவரிடம் இருந்தது.

இரண்டு மழைக்காலங்கள்

2023 மழைக்காலத்தில் பாதையில் போக்குவரத்து ஒரு நாளும் நிற்கவில்லை. அதைக் கொண்டு முடிவு சொல்ல நாங்கள் மறுத்தோம். அவ்வாண்டு கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கத்தைவிட 34 சதவீதம் குறைவு. நடு வயலில் பாதை 8 செ.மீ. அமுங்கியிருந்தது, எதிர்பார்த்த அளவுதான். 2024 ஏப்ரலில் மேலே கிராவல் நிரப்பினோம்.

உண்மையான சோதனை 2024 ஜூலையில் வந்தது. அம்மாதக் கடைசியில், ஜூலை 30 அதிகாலை, மலைக்கு அப்பால் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் அழிந்தன. எல்லையின் இப்புறமும் மழை ஓயவில்லை. தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடிய சில மணி நேரம் தவிர, பாதை திறந்தே இருந்தது. சாலையின் மேற்பக்க, கீழ்ப்பக்க நீர்மட்ட வேறுபாடு ஒரு சாணுக்குள் அடங்கியது. ஆம்புலன்ஸ் இரவில் வந்து போனது.

ஆனாலும் மூன்று இடங்களில் பழுது நேர்ந்தது. செம்மண் சரிவும் வயலும் சேரும் விளிம்பில் ஆழமான குழி விழுந்தது. கரும்மண் கண்ணுக்குத் தெரிந்த இடத்தோடு துணி நிறுத்தப்பட்டிருந்தது. தோண்டிப் பார்த்தபோது, சரிவிலிருந்து வழிந்த செம்மண்ணுக்கு அடியில் கரும்மண் இன்னும் எட்டு மீட்டர் நீண்டிருந்தது. கெட்டி நிலமும் இளகிய நிலமும் சந்திக்கும் அந்த விளிம்பே சக்கரத்தின் அதிர்ச்சியை அதிகம் வாங்கும் இடமும்கூட. இரண்டாவது, சங்கிலி ஓர் இரவு அறுக்கப்பட்டு, மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று வயலைக் கடந்திருந்தது. அது விட்டுச்சென்ற தடம் 12 செ.மீ. ஆழம், ஓராண்டு முழுதும் ஓடிய ஜீப்புகளும் பிக்கப்புகளும் சேர்ந்து உண்டாக்கியதைவிட அதிகம். துணி கிழியாததால் மேலே கிராவல் நிரப்பியே சரிசெய்ய முடிந்தது. மூன்றாவது, யானைகள் சாலையின் ஓரத்தையே நடைவழியாக்கிக்கொண்டதால் பக்கச் சரிவு பல இடங்களில் இடிந்து, துணியின் விளிம்பு வெயிலுக்கு வெளிப்பட்டிருந்தது. இவ்விழை வெயிலில் விரைவில் நைந்துவிடும். உடனே மண்ணால் மூடினோம்.

மாற்ற வேண்டியவை

இதேபோன்ற வேலையை மறுபடி செய்வதானால், துணியைக் கரும்மண்ணின் எல்லைக்கு அப்பால் குறைந்தது பத்து மீட்டர் இரு பக்கமும் நீட்டுவோம். விளிம்பில் ஐந்து மீட்டருக்கு ஒன்றாக டி.சி.பி. சோதனை செய்வோம். நடு வயலில் 20 மீட்டருக்கு ஒன்று போதுமானதாகவே இருந்தது; மாற்றம் நிகழும் இடத்தில்தான் நெருக்கம் தேவை. யானைகள் நடக்கும் ஓரங்களில் கயிறு விரிப்பு மட்டும் போதாது. பெரிய கல்லை விளிம்பில் பதிப்பது நல்லது. சாலையின் அகலத்தைக் கூட்டாமல் துணியின் அகலத்தை மட்டும் பக்கத்துக்கு அரை மீட்டர் கூட்டினால் விளிம்பு வெளிப்படுவதும் குறையும்.

சங்கிலியை இரும்புக் கம்பத்தால் மாற்றும் யோசனை இருக்கிறது. வண்டி உயரத்தைக் கட்டுப்படுத்தும் குறுக்குக் கம்பம் டிப்பரைத் தடுக்கும். ஆம்புலன்ஸ் நுழையும் உயரத்தில் அதை அமைப்பது சாத்தியமே. பூட்டைவிட அது உறுதி, ஏனெனில் யாரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லை, யார்மீதும் பழியும் விழாது.

பராமரிப்புக்கான ஏற்பாடு முதல் மதிப்பீட்டிலேயே இல்லை. கல் மெத்தையின் மேல்வாயில் சருகும் களையும் சேர்வதை ஆண்டுக்கு இரு முறை, மே மாதமும் ஆகஸ்ட் மாதமும், அகற்ற வேண்டும். 2024இல் நூறுநாள் வேலையில் இதைச் சேர்த்துக்கொண்டார்கள். மே மாதச் சுத்தம் நடந்தது, ஆகஸ்ட் மாதத்தது நடக்கவில்லை. வாயில் ஏற்கெனவே கோரை வேர்விடத் தொடங்கியிருக்கிறது. அமுக்கத்தை அளக்க நடு வயலில் நட்ட கம்பிகளில் 2025 ஜனவரியில் எடுத்த அளவு, முந்தைய ஆண்டைவிட 3 செ.மீ. மட்டுமே கூடியிருப்பதாகக் காட்டியது, வேகம் குறைகிறது. அடுத்த கிராவல் நிரப்புதலை ஓராண்டு தள்ளிவைத்து, அந்தத் தொகையை விளிம்புக் கல் பதிக்கவும் உயரக் கம்பம் நடவும் செலவிடப் பரிந்துரைத்திருக்கிறோம்.